காக்கா திறந்து வைத்த யன்னல்கள்

எங்கள் வீட்டில் இருப்பது ஒரேயொரு கணினி. காக்கா டிப்ளோமா படிக்கச் சேர்ந்த வருடம், கல்முனையில் பாவித்த சாமான் விற்கும் ஒரு கடையில் வாங்கி, ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வாப்பா கொண்டுவந்தார். அதில் விண்டோஸ் திறந்து முடிவதற்குள் உம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்துவிடுவார். ஒரு கிழமை பொறுத்துப் பார்த்த காக்கா, விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸைப் போட்டார். எழுதுவதற்கு விம் என்றொரு டெக்ஸ்ட் எடிட்டர். அன்றிலிருந்து அவரைத் தவிர வேறு யாரும் அந்தக் கணினியைத் தொட விரும்பவில்லை. நானும்தான்.

விம்மை முதன்முதலில் பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள். கறுப்புத் திரை. மெனு இல்லை. விசையைத் தட்டினால் எழுத்து விழாது. முதலில் 'ஐ' விசையைத் தட்டி எழுதும் நிலைக்குப் போக வேண்டும். எழுதி முடிந்ததும் எஸ்கேப் தட்டித் திரும்ப வேண்டும். மேலே கீழே போவதற்கு எச், ஜே, கே, எல். 1976இல் பில் ஜோய் என்பவர் விஐ என்ற எடிட்டரை எழுதியபோது அவர் முன்னால் இருந்த ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகள் அந்த நான்கு விசைகளின் மேல்தான் வரையப்பட்டிருந்தன. அந்த முனையம் போய்விட்டது, பழக்கம் மட்டும் எங்கள் வீட்டு மேசை வரை வந்திருக்கிறது. அந்த விஐயைப் பெருக்கி, 1991இல் விம் என்று வெளியிட்டவர் நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலனார். அவர் அதற்குக் காசு கேட்கவில்லை. விரும்பியவர்கள் உகண்டாவின் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டார். கோப்பு எதுவும் இல்லாமல் விம்மைத் திறந்தால் அந்தக் கோரிக்கை திரையின் நடுவில் வந்து நிற்கும். 2023 ஆகஸ்டில் அவர் காலமான செய்தியைக் காக்கா சோற்றுக் கோப்பையின் முன்னால் இருந்து, ஏதோ எங்கள் சொந்தக்காரர் ஒருவரைச் சொல்வது போலச் சொன்னார். யார் என்று உம்மா கேட்டார். காக்காவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்த ஒரு திரையைக் காக்கா மூன்றாகப் பிரித்து வைத்திருப்பார். எங்கள் பாடப் புத்தகம் சாளரம் என்கிறது, அவர் யன்னல் என்பார், நானும் அப்படியே எழுதுகிறேன். இடது பக்கம் உயரமான ஒரு யன்னல், அதில் புரோகிராம். வலது பக்கம் மேலே ஒன்று, அதில் கணக்கு. அதற்குக் கீழே நாலு விரல் உயரத்தில் இன்னொன்று, அதில் செய்ய வேண்டிய வேலைகளின் குறிப்பு. எங்கள் வாப்பா ஒரு நெல் ஆலையில் கணக்கு எழுதுகிறார். மூடை வரும் கணக்கு, அரிசி போகும் கணக்கு, ஈரத்துக்குக் கழிக்கும் கணக்கு, எல்லாம் இன்றைக்கும் கொப்பியில்தான். அதைக் கணினிக்குக் கொண்டுவருவதுதான் காக்காவின் டிப்ளோமாச் செயற்றிட்டம்.

எழுதிக்கொண்டிருக்கும்போது உம்மா கடைக்குப் போகக் கூப்பிட்டால் காக்கா முகம் சுளிக்க மாட்டார். என்னவோ நாலு விசையைத் தட்டுவார், கணினியை அணைப்பார், போய்விடுவார். இரவு வந்து திறந்தால் மூன்று யன்னலும் அதே அளவில், அதே இடத்தில், கர்சர் அதே வரியில் துடித்துக்கொண்டு நிற்கும். எப்படி என்று கேட்டேன். "எங்க நிண்டனோ அங்கயே திரும்பி வந்து நிக்கிறதுக்கு ஒரு வழி இரிக்கி புள்ள. பொறகு காட்டித் தாறன்" என்றார்.

பிறகு வரவில்லை. அந்த வருடக் கடைசியில் வாப்பா சுகமில்லாமல் மூன்று மாதம் வீட்டில் இருந்தார். டிப்ளோமாவில் இன்னும் ஒரு தவணை பாக்கியிருந்தது. காக்கா அதை அப்படியே விட்டுவிட்டுக் கட்டாருக்குப் போனார். போகும்போது கணினியின் கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதி என்னிடம் தந்தார். "ரெண்டு வருசத்தில வந்து முடிச்சிருவன். அது அப்படியே இரிக்கட்டும்" என்றார்.

அது அப்படியே இருக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உயர்தரத்தில் நான் வர்த்தகப் பிரிவு. கணக்கீடு, பொருளியலோடு தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் எடுத்தேன். கணினி எனக்கு வந்தது. டியூஷன் வகுப்புகளின் வீடியோக்களும் வந்தன. எண்பது ஜிபி வன்தட்டு எத்தனை வீடியோவைத் தாங்கும்? 2024இல் ஓர் இரவு, அடுத்த நாள் பரீட்சைக்கு ஒரு வகுப்பின் பதிவை இறக்க வேண்டியிருந்தது, இடம் இல்லை. பெயரைப் பார்த்து, எனக்கு வேண்டாதது என்று பட்ட கோப்புறைகளை எல்லாம் ஒரே கட்டளையில் அழித்தேன். லினக்ஸில் அப்படிக் கட்டளை கொடுத்து அழித்தால் குப்பைக் கூடைக்குக் கூடப் போகாது. அவற்றில் 'ஆலை' என்ற கோப்புறையும் ஒன்று. அதன் எழுத்து முழுவதையும் சேர்த்தாலும் ஒரு போட்டோவின் அளவு வந்திருக்காது. அதை அழித்ததால் எனக்கு இடமே கிடைக்கவில்லை என்பதுதான் இன்று வரை தாங்க முடியாதது.

அப்போது அது எனக்கு ஒரு விடயமாகவே படவில்லை.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நாடு முழுவதும் கரண்ட் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். உபமின்நிலையம் ஒன்றில் குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று செய்தியில் சொன்னார்கள். மறுநாள் வகுப்பில் ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் பகல் பதினொரு மணி தாண்டி, நான் பைதன் பயிற்சி ஒன்றைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டு, சேமிக்காமல் உம்மாவுக்குத் தேங்காய் துருவப் போயிருந்தபோதுதான் அந்தக் குரங்கு பாய்ந்தது. எங்கள் வீட்டில் யூபிஎஸ் இல்லை.

கரண்ட் வந்ததும் கோப்பைத் திறந்தேன். ஒரு பக்கம் நிறைய எச்சரிக்கை வந்தது. பயந்து காக்காவுக்கு வட்ஸ்அப்பில் அழைத்தேன். அவர் சிரித்தார். "பயப்படாத. ஆர் எண்ட எழுத்தத் தட்டு" என்றார். தட்டினேன். எல்லாம் வந்துவிட்டது.

நாம் எழுதிக்கொண்டிருக்கும்போதே விம் பக்கத்தில் ஒரு மறைவான கோப்பில் அதைப் பிரதி எடுத்துக்கொண்டே இருக்குமாம். 200 எழுத்துத் தட்டியதும் ஒரு தடவை, அல்லது நான்கு விநாடி கை ஓய்ந்தால் ஒரு தடவை. ஒழுங்காக மூடிவிட்டால் அந்தப் பிரதியை அதுவே அழித்துவிடும். கரண்ட் போனால் அது கிடக்கும். அதை ஸ்வொப் கோப்பு என்கிறார்கள்.

"அது எழுத்துக்கு. இடத்துக்கு வேற ஒண்டு இரிக்கி" என்றார் காக்கா. அன்றைக்குத்தான் அந்த நாலு விசையின் கதையைச் சொன்னார். அதற்குப் பெயர் செஷன். முக்காற்புள்ளி வைத்து, மேக் செஷன் என்பதன் சுருக்கத்தை எழுதி என்டர் தட்டினால், திரையில் எத்தனை யன்னல், எது எங்கே, எவ்வளவு அகலம், ஒவ்வொன்றிலும் எந்தக் கோப்பு, கர்சர் எந்த வரியில் என்பதை எல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைத்துவிடும். ஏற்கனவே அந்தப் பெயரில் ஒரு செஷன் இருந்தால் எழுத மறுக்கும். மேலேயே எழுது என்று சொல்ல ஓர் ஆச்சரியக்குறி போட வேண்டும். திரும்ப எடுக்க, விம் என்று எழுதும்போதே பெரிய 'எஸ்' ஒன்றைச் சேர்த்தால் போதும்.

(காக்காவோடு படித்த ஒருவர் ஈமாக்ஸ் என்ற எடிட்டரைத்தான் பாவிப்பாராம். அதில் யன்னல் அமைப்பை ஓர் எழுத்துக்குள் ஒளித்து வைத்து, வேண்டும்போது அந்த எழுத்தைச் சொல்லித் திரும்ப அழைக்கலாம். எடிட்டரை மூடினால் போய்விடும், மூடினாலும் நிற்க வேறொரு வசதியைப் போட வேண்டும். இருவரும் இதைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை பிடிப்பார்களாம். என் சிநேகிதிகள் பாவிக்கும் புதிய எடிட்டர்கள் இதை எல்லாம் கேட்காமலே செய்துவிடுகின்றன. எனக்கு, நான் சொன்னால் மட்டும் நினைவு வைத்திருப்பதுதான் பிடித்திருக்கிறது.)

இவ்வளவும் சொல்லிவிட்டுக் காக்கா கேட்டார். "நான் கடைசியா வெச்சிட்டு வந்த செஷன் இன்னும் இரிக்கும். திறந்து பாரன். எனக்கும் ஒருக்காப் பார்க்கணும் போல இரிக்கி." வீடியோவுக்கு டேட்டா போதாது, குரல் மட்டும்தான். நான் தட்டினேன்.

மூன்று யன்னலும் வந்தன. காக்கா விட்டுப்போன அதே அமைப்பு. இடது பக்கம் உயரமானது, வலது பக்கம் மேலும் கீழும். கீழே அந்தச் சின்ன யன்னலில் குறிப்பு அப்படியே இருந்தது, அது 'ஆலை'க்குள் இல்லாமல் வெளியே இருந்த கோப்பு. மற்ற இரண்டு யன்னல்களிலும் அடியில் பெயர் இருந்தது. உள்ளே ஒரு வரியும் இல்லை. இல்லாத வரிக்கு விம் இடது ஓரத்தில் ஓர் அலைக்குறி போடும். மேலிருந்து கீழ் வரை அலைக்குறிகள்.

எனக்கு அப்போதுதான் அந்த இரவு நினைவுக்கு வந்தது.

"வந்திச்சா?"

"வந்திச்சு."

"மூணும்?"

"மூணும் வந்திச்சு காக்கா." அது பொய்யில்லை.

"இடப்பக்க யன்னலுக்கு அடியில, வலது மூலையில வரி இலக்கம் இரிக்கும். என்ன போட்டிரிக்கி?"

பார்த்து வாசித்தேன். "பூச்சியம், கமா, பூச்சியம்."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் யாரோ அரபியில் பேசுவது கேட்டது. பிறகு, "எல்லாம் அப்படியே இரிக்கா?" என்று கேட்டார்.

"அப்படியே இரிக்கி."

"சரி புள்ள. மூடிட்டுப் படி."

அன்று இரவு நான் படிக்கவில்லை. அழிந்ததை எடுக்க முடியுமா என்று எல்லா வழியும் பார்த்தேன். ஸ்வொப் கோப்பு இல்லை, காக்கா ஒழுங்கானவர், ஒழுங்காக மூடிவிட்டுத்தான் போயிருந்தார். விம் இன்போ என்றொரு கோப்பு இருக்கிறது, அதில் கடைசியாக வெட்டி ஒட்டிய வரிகள்கூட இருக்கும் என்று வாசித்தேன். இருந்தன, ஆனால் அவை எல்லாம் என்னுடைய வரிகள். நான் பாவிக்கப் பாவிக்கக் காக்காவின் வரிகள் தள்ளுண்டு போயிருந்தன. கடைசி நூறு கோப்புகளில் கர்சர் எங்கே நின்றது என்பதையும் அது வைத்திருக்கும். அதில் 'ஆலை'க்குள் இருந்த ஐந்து கோப்புகளின் பெயர் கிடைத்தது, ஒவ்வொன்றுக்கும் வரி இலக்கம் கிடைத்தது. அங்கேயும் இடம்தான் இருந்தது. எழுத்து இல்லை.

கடைசியில் செஷன் கோப்பையே ஒரு சாதாரணக் கோப்பைப் போலத் திறந்து பார்த்தேன். ஏதோ விளங்காத குறியீடாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. விம்முக்கு நாம் கொடுக்கும் அதே கட்டளைகள்தான், ஒன்றன்பின் ஒன்றாக. இந்தக் கோப்புறைக்குப் போ. இந்தக் கோப்பைச் சேர். திரையை நெடுக்காகப் பிள. அடுத்த யன்னலுக்குப் போ. அதைக் குறுக்காகப் பிள. அளவைக்கூட இத்தனை எழுத்து அகலம் என்று மட்டும் எழுதவில்லை, மொத்தத் திரையில் இத்தனைக்கு இத்தனை பங்கு என்று ஒரு சிறிய கணக்காக எழுதியிருந்தது. காக்கா போன பிறகு பழைய திரை பழுதாகி வாப்பா அகலமான ஒன்று வாங்கினார், ஆனாலும் யன்னல்கள் அதே விகிதத்தில் வந்ததன் காரணம் அதுதான். காக்கா ஒரு தடவை கையால் செய்ததை அந்தக் கோப்பு ஒவ்வொரு தடவையும் மறுபடி செய்து காட்டுகிறது. அதற்கு அவர் எழுதியது எதுவும் தெரியாது, எங்கே இருந்து எழுதினார் என்பது மட்டும் தெரியும்.

அதில் இடது யன்னலின் கோப்புக்குப் பக்கத்தில் 212 என்று இருந்தது. குறைந்தது 212 வரி எழுதியிருக்கிறார். எத்தனை மாதம் என்று எண்ணிப் பார்த்தேன்.

இன்னொன்றும் அப்போதுதான் விளங்கி, உடம்பு குளிர்ந்துபோனது. அன்று பின்னேரம் திரையை மூடும்போது, புதிதாகப் படித்த கையோடு செஷனைச் சேமித்து ஆச்சரியக்குறி ஒன்றைப் போட்டிருந்தேன் என்றால், வெறும் யன்னலைப் பார்த்து விம் அந்த 212ஐ 1 என்று மாற்றி எழுதியிருக்கும். அந்த இலக்கமும் போயிருக்கும். சேமிக்காமல் வெளியேறியது என் கெட்டித்தனம் அல்ல, கை நடுங்கியதால்தான்.

பெப்ரவரி முழுக்க நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒவ்வொரு அழைப்பிலும் என் படிப்பைக் கேட்டார், வாப்பாவின் மருந்தைக் கேட்டார், கணினியை மட்டும் கேட்கவில்லை. மார்ச் மாதம் நோன்பு வந்தது. நாள் முழுக்கப் பசித்திருப்பது பெரிய விடயமாக இல்லை. அந்த 'அப்படியே இரிக்கி' என்ற சொல்தான் தொண்டையில் நின்றது. கட்டார் நேரம் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். எங்களுக்குத் தராவீஹ் முடியும்போது அவர் நோன்பு திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அந்த நேரத்தில்தான் அழைப்பார். ஒரு நாள் போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

"காக்கா, ஆலைக் கோப்புறைய நான் அழிச்சிட்டன்."

"தெரியும்."

எனக்கு விளங்கவில்லை.

"வெறுங் கோப்புலதான் புள்ள பூச்சியம் வரும். ஒரு எழுத்து இரிந்தாலும் ஒண்டுல இரிந்துதான் தொடங்கும்."

அன்றைக்கே, அந்த நிமிடமே தெரிந்திருக்கிறது. ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று அழுதுகொண்டு கேட்டேன். "நீயாச் சொல்லுவியா எண்டு பார்த்தன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அண்டைக்கு ராவு தூக்கம் வரல்லதான்" என்றார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். இப்போது, சொன்னது நல்லது என்று நினைக்கிறேன். ஒன்றுமில்லை, பரவாயில்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

"என்னத்துக்கு அழிச்ச?"

"வீடியோ இறக்க."

"என்ன பாடம்?"

"கணக்கீடு."

"எத்தன மார்க்ஸ் வந்திச்சு?"

சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மார்க்ஸ் இல்லை.

பிறகு அந்தக் குறிப்பை வாசித்துக் காட்டச் சொன்னார். உள்ளே போய்க் கணினியைத் திறந்தேன். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிய ஏழு வரிகள். ஒரு வரி அவருக்கே என்னவென்று விளங்கவில்லை. இரண்டை முடித்துவிட்டாராம். கடைசி வரி, ஈரக் கழிவு வாப்பாவிடம் கேட்க என்பது. "அத கடைசி வரைக்கும் கேக்கல்ல" என்றார். போனைக் காதில் வைத்துக்கொண்டு மறுபக்கம் அவர் எதையோ குடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காக்கா இந்த வருடக் கடைசியில் வருவதாக இருந்தது. இன்னும் ஒரு வருடம் நீட்டப் போவதாகச் சொல்கிறார். உம்மா ஒன்றும் பேசாமல் எழும்பிப் போனார்.

பரீட்சைக்குப் படிக்கும் நேரம் போக, இரவில் அரை மணித்தியாலம் நான் அந்தப் புரோகிராமை எழுதுகிறேன். அதையே திரும்ப எழுதுகிறேன் என்று சொல்ல முடியாது. காக்கா எழுதியது ஜாவாவில், எனக்குத் தெரிந்தது பைதன். வரிக்கு வரி வராது. அவருக்குத் தெரியாத ஐந்தொகையும் தேறுமானமும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாத எத்தனையோ அவருக்குத் தெரியும். வேறொரு கோப்புறை, வேறொரு பெயரில் என் செஷன். அவருடைய செஷன் கோப்பைப் பென் டிரைவ் ஒன்றிலும் போட்டு உம்மாவின் அலுமாரியில் வைத்திருக்கிறேன். என் திரையில் இரண்டு யன்னல்தான், மூன்று வைத்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

போன கிழமை அந்தக் கடைசி வரிக்கு வந்தேன். வாப்பா முற்றத்தில் இருந்தார். ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேட்டேன். ஒரு பழைய பில்லின் பின்பக்கம் பென்சிலால் எழுதத் தொடங்கினார், பாதியில் நிறுத்தினார். "மூடைக்கு இத்தின கிலோ எண்டு கணக்கு இரிக்கிதான். ஆனா முதல்ல ரெண்டு நெல்ல எடுத்துக் கடிச்சிப் பார்த்துத்தான் மகள் சொல்லுவம்" என்றார். கடித்தால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். சத்தத்தில் தெரியும் என்றார்.

அதைப் பைதனில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இரவு காக்கா எடுத்தால் கேட்க வேண்டும். கர்சரை அந்த வரியிலேயே நிறுத்தி, செஷனைச் சேமித்துவிட்டுத்தான் எழும்பினேன்.